உடம்பில் நீர் வற்றினால் சூடு ஏன் ஏறுகிறது?

சித்திரை வெயில். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, தொட்டால் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. "தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். ஜுரமாச்சே என்று கம்பளியும் போர்த்துவார்கள். இரண்டுமே தப்பு!

மண்பானைத் தண்ணீர் எப்படிச் சில்லென்று ஆகிறது? வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நமக்கு வியர்வைதான் அந்தக் கசிவு. (சென்னைப் புழுக்கத்தில் அது காயாமல் வழிகிறதே, அதனால் உடம்பு குளிராது, நீரும் உப்பும்தான் நஷ்டம்.) பேதியில் நீர் வற்றினால் ரத்தத்தின் அளவு குறையும். இருக்கிறதை இதயத்துக்கும் மூளைக்கும் மிச்சம் பிடிக்க, தோலுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு சுருக்கிக்கொள்கிறது. வியர்வையும் குறைகிறது. உள்ளே உண்டாகும் சூடு எப்படி வெளியேறும்?

ஆகவே துணியைத் தளர்த்தி, காற்றாட விடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி வரை ஸ்பூனால் புகட்டுங்கள். இரண்டு வயதுக்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுக்கலாம். பாட்டிலில் வரும் இனிப்புப் பானங்கள் மட்டும் வேண்டாம்; சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும்.

ஜுரத்துக்குக் கிருமியும் காரணமாயிருக்கலாம். உச்சிக்குழி பள்ளமாகி, கண்ணீரில்லாமல் அழுது, ஆறு மணி நேரமாய்ச் சிறுநீர் போகாமல் குழந்தை துவண்டால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். வழியிலும் புகட்டிக்கொண்டே போங்கள்.