தலைவர் பின்வரிசையில் உட்காரட்டும்!



ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று நம் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்திற்கு வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள். "நாளைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் என்ன செய்வீர்கள்?" பெரும்பாலும் வரும் பதில், "தலைவருக்குப் போன் போடுவோம்" என்பதுதான். தலைவர் போனை எடுக்காவிட்டால்? அவர் மருத்துவமனையில் படுத்திருந்தால்? அவரையே போலீஸ் கொண்டுபோய்விட்டால்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. நம் வரலாற்றில் இரண்டு முறை நடந்திருக்கிறது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். வெள்ளைக்காரன் முதலில் செய்த காரியம் என்ன? அந்த ஆண்டு மே மாதம் ஆர்.எச்.நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினான். தலைவரை விடுதலை செய் என்று தொழிலாளர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. முன்னணியில் நின்ற பலரை அரசாங்கம் பிடித்து அப்புறப்படுத்தியதும் போராட்டம் அடங்கிப் போனது.

66 ஆண்டு கழித்து அதே வேலையைச் சொந்த நாட்டு அரசாங்கம் செய்தது. 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு, டிசம்பர் 13ஆம் தேதி ஹிண்ட்ராஃப் தலைவர்கள் உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஐவரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் (இச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது) கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டார்கள். வேதமூர்த்தி வெளிநாட்டில் இருந்தார்.

இம்முறை போராட்டம் அடங்கவில்லை! கோயில்களில் கூட்டுப் பிரார்த்தனை நடந்தது. 2008 பிப்ரவரி 16ஆம் தேதி நம் மக்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ரோஜாப் பூவோடு நாடாளுமன்றம் நோக்கிப் புறப்பட்டார்கள். மார்ச் 8 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. சிலாங்கூர் ஆட்சி மாறியது. கமுந்திங்கில் இருந்தபடியே மனோகரன் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். வீடு வீடாகப் போய் இந்த வேலைகளைச் செய்தவர்கள் யார்? லாரி ஓட்டுநர்கள், பேக்டரிப் பெண்கள், கோயில் இளைஞர்கள். அவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

ஆனால் கதையின் மறுபாதியையும் பேச வேண்டும். உழைப்பு மக்களுடையதாக இருந்தது, முடிவெடுப்பது மட்டும் சில தலைவர்களின் கையிலேயே நின்றது. 2009இல் மக்கள் சக்திக் கட்சி ஒரு பக்கம், மனித உரிமைக் கட்சி ஒரு பக்கம் என்று பிரிந்தபோது, உழைத்த மக்களை யாரும் கூட்டி வைத்துக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பலர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேலையைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் இருந்தால் இதுதான் நடக்கும்.

நம் வட்டாரத்திலேயே வேறொரு பாடமும் இருக்கிறது. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீடு கேட்டு 20 ஆண்டுகளுக்கு மேல் போராடின. கீர் தோயோ, காலிட், அஸ்மின், அமிருடின் என்று நான்கு மந்திரி பெசார்கள் வந்தார்கள். 2023இல்தான் மத்திய அரசாங்கம் அந்த வீடுகளுக்கு நிதி ஒதுக்கியது. இத்தனை ஆண்டுகள் ஒரு கோரிக்கை சாகாமல் இருக்க ஒரு மனிதரின் ஆயுளும் உடம்பும் போதாது. ஐந்து தோட்டத்து மக்களும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் ஆட்சி மாறியபோதும் அது நிலைத்தது.

தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரவு பகலாக அலைந்து, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வாங்கிக்கொள்வது தியாகமாகத் தெரியலாம். அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்காத தியாகம் உங்களோடு முடிந்துவிடும். எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்கும் இது பொருந்தும்.

சட்டத்தையே பாருங்கள். நியாயமில்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். கடிதம் தலைவரின் மேசையில் கிடந்தால் 60 நாள் பறந்துவிடும். அந்த இலாகாவில் நடக்கும் சமரசப் பேச்சில் வழக்கறிஞர் வாதாட அனுமதியே கிடையாது!  ஆட்குறைப்பு நிதி கிடைக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் கட்டணமின்றி நீங்களே வழக்குப் பதியலாம். ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளம் என்பது 1980ஆம் ஆண்டு விதி. 20 ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம். தோட்டம் கைமாறி, புதிய முதலாளி பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தராவிட்டாலும் இந்த விதி பொருந்தும். இதைத் தெரிந்துகொள்ள சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டுமா?

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக, ஒருவர் முப்பது வயதுக்குள் இருக்கட்டும். சம்பளச் சீட்டு, நோட்டீஸ், மகஜர் நகல், கூட்டக் குறிப்பு எல்லாம் ஒரே கோப்பில் சேரட்டும். அதன் நகல் இரண்டு வீடுகளில் இருக்கட்டும். வசூல் கணக்கை ஒருவர் எழுத, இன்னொருவர் பார்க்கட்டும். நில அலுவலகத்திற்குப் போகும்போது தலைவர் கூடப் போகலாம், பேசுவது அந்த மூவரில் ஒருவராக இருக்கட்டும்.

"அவர்களுக்குப் பேசத் தெரியாது, தப்பு செய்வார்கள்" என்பார்கள் சிலர். முதல் முறை நாக்குக் குழறும்தான். மூன்றாவது முறை அதிகாரியே எழுந்து நாற்காலி போடுவார். பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும் தலைவர் ஓடிப் போகிறார் என்று நினைக்காதீர்கள். அவர் கூடவே இருப்பார், கேட்டால் சொல்வார், தப்பு நடந்தால் தாங்கிப் பிடிப்பார்.

இனி நான் வரும் தோட்டக் கூட்டங்களில் பின்வரிசையில்தான் உட்காரப் போகிறேன். மேடை உங்களுடையது. மகஜரை நீங்கள் எழுதுங்கள், சட்டப் பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன்.

அடுத்த கூட்டத்தில் தலைவரைப் பார்த்து மரியாதையோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, நீங்கள் இல்லாத அன்றைக்கு கோப்பு யாரிடம் இருக்கும்?" பதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள்.

தலைவனை அடைக்கலாம். விவரம் தெரிந்த தோட்டத்தையே அடைக்க முடியாது!

வாழ்க மக்கள் சக்தி!