மறதி என்று சொல்லுமுன் மருந்துப் பையைப் பாருங்கள்



"பாட்டிக்கு வயசாயிடுச்சு, மறதி வந்திடுச்சு, இனிமே என்ன பண்றது?" லயத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பழியை வயதின் மேல் போடுமுன் பாட்டியின் மருந்துப் பையை அவிழ்த்துப் பாருங்கள் என்பேன்.

பை எப்படி நிறைகிறது? இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள். சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். அதைப் புது வியாதி என்று எண்ணி நீர் மாத்திரை. அடிக்கடி சிறுநீர் போகிறது என்றதும் அதை அடக்க ஆக்சிபியூட்டினின். இந்தக் கடைசி மாத்திரை, நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கிறது. சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமினும் அதே வேலையைத்தான் செய்கிறது. வயதானவர்களின் சிறுநீரகமும் கல்லீரலும் மெதுவாக வேலை செய்வதால், இளவட்டங்களுக்குச் சரியான அளவு அவர்களுக்கு அதிகமாகிவிடும். தூக்கத்துக்குத் தரும் டயஸிபாம் உடம்பில் பல நாள் தங்கும். மந்தம் வரும், தடுமாறி விழுவார்கள்.

அமெரிக்க டாக்டர் மார்க் பியர்ஸ், முதியோருக்கு ஆகாத மருந்துகளை 1991-ல் பட்டியல் போட்டார். 2023-ல் புதுப்பித்த அந்தப் பட்டியலிலும் குளோர்பெனிரமின், டயஸிபாம் இரண்டும் உள்ளன. 65 வயதைத் தாண்டிய 3,434 பேரைக் கவனித்து 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளை அதிகமாக, நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு மறதி நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது. மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் குறைக்கக்கூடியதைக் குறைக்க இந்த எச்சரிக்கை போதாதா?

அதுக்காக இன்னிக்கே எல்லாத்தையும் குப்பையில போட்டுடாதீங்க! டயஸிபாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். கொதிப்பு, இனிப்பு நீர், இருதய மருந்துகளில் நீங்களாகக் கை வைக்கக் கூடாது. குறைப்பது டாக்டரின் வேலை, கேட்பது நம் வேலை.

டாக்டர் வெறுங்கையோடு அனுப்பினால் கோபப்படுகிறோம். மருந்து கூடினால் கவனிப்பும் கூடும் என்ற நினைப்பை முதலில் விடவேண்டும். தோட்டக் கிளினிக், அரசாங்க கிளினிக், மருந்துக் கடை, சின்சே கொடுத்தது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மகனோ மகளோ கூடப் போய்க் கேளுங்கள்: இது எதுக்கு? இன்னும் வேணுமா? குறைக்க முடியுமா?

60 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரின் மருந்துகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது டாக்டர் சரிபார்க்க வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக வையுங்கள். நம்மை வளர்த்தவர்கள் நம் பெயரை மறக்காமல் இருக்க இதையாவது செய்வோம்.