சகோதரிகளே, ஊசிக்கு அஞ்சலாமா?

சகோதரிகளே! வெளிக்காட்டில் மருந்தடிக்கும் உங்களுக்குத் தெரியும்: எல்லாப் புல்லும் ஒரே மருந்துக்குச் சாவதில்லை. லாலாங்குக்கு ஒன்று என்றால், மற்றச் செடிக்கு வேறொன்று. மார்பகப் புற்றுநோயும் அப்படித்தான். ஒருத்திக்குக் கேட்ட மருந்து இன்னொருத்திக்குக் கேட்காது. நோய் ஈரல், எலும்பு என்று பரவிய பிறகு, ஒவ்வொரு மருந்தாகப் போட்டுப் பார்ப்பதற்குள் உடம்பு ஓய்ந்துவிடும், காலமும் போய்விடும்.

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். நோயாளியின் கட்டியிலிருந்து ஒரு சதைத் துணுக்கை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வளர்க்கிறார்கள். மருந்துகளை முதலில் அந்தக் குட்டிக் கட்டிகள் மேல் சோதிக்கிறார்கள். 2018-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் இப்படி நூறுக்கும் மேற்பட்ட மார்பகக் கட்டி வகைகளை வளர்த்தார்கள். 2022-இல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்மன் புற்றுநோய்க் கழகத்தார் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு நோய் திரும்பிப் பரவியிருந்தது. வளர்த்த கட்டி ‘எரிபுலின்’ என்ற மருந்துக்கு மடிந்தது. அதையே அவருக்கும் கொடுத்தார்கள். முந்தைய மருந்துகளைவிட மூன்று மடங்குக்கும் மேலான காலம் நோய் அடங்கி இருந்தது.

இது இன்னும் ஆராய்ச்சிதான். கட்டி வளர வாரக்கணக்கில் ஆகும். சில வளரவே வளராது. நாளைக்கே சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்.

அப்படியானால் ஏன் எழுதுகிறேன்? அந்தப் பெண்ணுக்கு மருந்தைக் காட்டிக் கொடுத்தது ஒரு சதைத் துணுக்கு. நம் தோட்டங்களிலோ, “ஊசி குத்துனா பரவிடும், கத்தி பட்டா போச்சு” என்று சொல்லியே கட்டியை மறைத்து வைக்கிறோம். அம்மா, ஊசியால் நோய் பரவுவதில்லை. விட்டு வைப்பதால்தான் பரவுகிறது. இன்றைக்கும் அந்தத் துணுக்கைச் சோதித்துத்தான் ஹார்மோன் மாத்திரை கேட்குமா, வேறு மருந்து வேண்டுமா என்று டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். அது இல்லாமல் மருந்து கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுவதைப் போல.

2012 முதல் 2016 வரையிலான நமது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்திருக்கிறார்கள்.

இப்புதிய வைத்தியம் நம் நாட்டுக்கு வரும்போது அது பணக்காரர்களோடு நின்றுவிடக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டும். அதைக் கேட்பது சங்கத்தின் கடமை. கட்டி தெரிந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போவது உங்கள் கடமை. ஒருநாள் சம்பளம் போகட்டும், உயிர் போக வேண்டாம். தனியாகப் போகப் பயமா? பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.