ஆளுக்கு ஒரு நாணயம்

பள்ளியிலிருந்து பிள்ளை ஒரு படிவம் கொண்டுவரும். 'நிதி திரட்டும் நடைப்பயணம், ஸ்பான்சர் பிடித்து வரவும்.' யார் அதிகம் வசூலித்தார்களோ அவர்களுக்குப் பரிசு! அப்பாவுக்கு வசதியான நண்பர்கள் இருந்தால் பிள்ளை ஜெயித்துவிடும். கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, படிவத்தைப் பைக்குள்ளேயே மறைத்துவைக்கும்.

கனடாவின் டெரி ஃபாக்ஸ் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980-ல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அவர் கேட்டது, நாட்டு மக்கள் ஆளுக்கு ஒரு டாலர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் பாதியில் நின்றது. மறு வருடம் 22 வயதில் இறந்தார். அதற்குள் 2.4 கோடி டாலர் சேர்ந்துவிட்டது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்றும் செப்டம்பரில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் அவர் பெயரில் நடக்கிறார்கள். பல பள்ளிகளில் கேட்பது ஒரே ஒரு இரண்டு டாலர் நாணயம்.

நம் நாட்றாம்பாளையம் மலைக் கிராமங்களில் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கே நடந்துதான் போகிறார்கள். நடையில் அவர்களை யார் மிஞ்ச முடியும்? ஸ்பான்சர் பிடிக்கத்தான் ஆள் இருக்காது.

அடுத்த முறை படிவம் வந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்: ஆளுக்கு ஐந்து ரூபாய் போதும், அதுவும் முடிந்தால். வகுப்பின் மொத்தத் தொகையை மட்டும் அறிவியுங்கள். பணம் எங்கே போனது என்பதையும் பிள்ளைகளிடமே சொல்லுங்கள். நடந்தவர்கள் அவர்கள்தானே!