அதிர்ஷ்டத்தின் மீது பழி

ஒரு கால்பந்து கிளப்புக்கு சீசன் பாழாய்ப் போனால் சொல்வதற்கென்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: காயங்கள். மேனேஜர் சொல்வார். ரசிகரும் அதையே சொல்வார். டி.வி. வர்ணனையாளர் உச்சுக் கொட்டி ஆமோதிப்பார். மழை பெய்ததற்கு யாரைப் போய்க் கேட்பது? காயம் பட்டதற்கும் அப்படித்தான் என்பது நினைப்பு. ஆனால் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் 2020-21 சீசனில் பட்ட பாட்டைத் தேதி வாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால் இந்த மழைக் கதையை அத்தனை சுலபமாக நம்ப முடியவில்லை.

2020 ஜூலையில் அந்த கிளப் 30 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு இங்கிலாந்து சாம்பியன் பட்டத்தைக் கையில் வாங்கியது. 38 ஆட்டங்களில் 99 புள்ளிகள். அந்த 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராமல் ஆடியவர் ஹாலந்துக்காரரான விர்ஜில் வான் டைக். கோல் கீப்பருக்கு முன்னால் காவல் நிற்கும் இருவரை 'சென்டர் பேக்' என்பார்கள். அந்த வேலையில் அப்போது உலகில் அவருக்கு நிகரில்லை என்று எதிரணியினரே ஒப்புக்கொண்டார்கள்.

அதே ஜூலையில் கிளப் இன்னொரு காரியமும் செய்தது. நான்காவது சென்டர் பேக்கான தேயன் லோவ்ரனை ரஷ்யாவின் ஜெனித் கிளப்புக்கு விற்றது. அவருக்குப் பதிலாக யாரையும் வாங்கவில்லை. மிச்சம் மூன்று பேர். அவர்களில் ஜோ கோமெஸ் அதற்கு முன்பே முழங்கால் தசைநார் அறுந்தும் கால் எலும்பு முறிந்தும் மாதக்கணக்கில் கிடந்தவர். ஜோயல் மாட்டிப் முந்தைய சீசனின் பெரும் பகுதியை டாக்டர்களோடு கழித்தவர். கொரோனாவால் அரங்கங்கள் பூட்டிக் கிடந்தன, டிக்கெட் வருமானம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதே கோடையில் தியாகோ, டியோகோ ஜோட்டா ஆகியோரை வாங்கப் பணம் இருந்தது. அவசியம் நேர்ந்தால் நடுக்களத்தில் ஆடும் ஃபபின்யோவைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. மாதக் கடைசியில் மளிகைக் கடன் வாங்கிச் சமாளிக்கும் குடும்பங்கள் போடும் கணக்கு இது. எல்லாம் சரியாக நடக்கிறவரை சரியாக இருக்கும்.

சரியாக நடக்கவில்லை. 2020 அக்டோபர் 17 அன்று அதே ஊரின் எவர்ட்டன் அணியோடு ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களில் எவர்ட்டன் கோல் கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டு பாய்ந்து வந்து மோதியதில் வான் டைக்கின் வலது முழங்கால் மடங்கியது. டாக்டர்கள் ஏ.சி.எல். என்று சுருக்கமாகச் சொல்லும் தசைநார் சிதைந்துவிட்டது. தொடை எலும்பையும் அதன் கீழுள்ள எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் நார் அது. அறுந்தால் தானாக ஒட்டிக்கொள்வது அரிது. வேறிடத்திலிருந்து எடுத்த நாரை எலும்பில் துளையிட்டுப் பொருத்தி, அது பிடித்து வலுவடைய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதே ஆட்டத்தின் கடைசியில் ரிச்சார்லிசனின் முரட்டுத் தாக்குதலில் தியாகோவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ரிச்சார்லிசனுக்கு சிவப்பு அட்டை காட்டப்பட்டது. பிக்ஃபோர்டுக்கு எதுவும் இல்லை. அதைப் பற்றி லிவர்பூலில் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

இதை விபத்து என்றே வைத்துக்கொள்வோம். பிறகு நடந்தவை?

பத்து நாள் கழித்து டென்மார்க்கின் மிட்யூலன் அணியுடன் ஆடும்போது, பின்னுக்கு இழுக்கப்பட்டிருந்த ஃபபின்யோவின் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது. நவம்பர் 11 அன்று இங்கிலாந்து தேசிய அணியின் பயிற்சியில், யாரும் மோதாமலே, கோமெஸின் முழங்கால் தசைநாண் போயிற்று. மறுநாளே அறுவை சிகிச்சை. சீசன் தொடங்கி இரண்டே மாதத்தில் மூன்று சென்டர் பேக்குகளில் இருவர் கணக்கிலிருந்து நீங்கினார்கள். மூன்றாமவர் மாட்டிப் ஓர் ஆட்டம் ஆடினால் இரண்டு ஆட்டம் உட்கார்ந்தார். 2021 ஜனவரி 28 அன்று டோட்டன்ஹாம் ஆட்டத்தில் அவருக்கும் கணுக்கால் தசைநார் கிழிந்தது. அந்த சீசனில் பிறகு அவர் ஆடவில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லாராய்ச்சிக்கு வாசகர்கள் இடம் தர வேண்டும். விளையாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது நாளெல்லாம் 'காயம்' என்று எழுதுகிறோம். பழைய தமிழில் காயம் என்றால் உடம்பு. சித்தர்கள் அந்தப் பொருளில்தான் அதைப் பாடித் தீர்த்தார்கள். உடம்புக்கும் அதில் படும் புண்ணுக்கும் எப்படியோ ஒரே ஒலி அமைந்துவிட்டது. தொழில்முறை ஆட்டக்காரரைப் பொறுத்தவரை அகராதியில் இரண்டையும் ஒரே பதிவாகப் போட்டாலும் தவறில்லை. ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனத்துக்காக ஸ்வீடன் டாக்டர் யான் எக்ஸ்ட்ராண்டும் அவருடைய சகாக்களும் 2001 முதல் பெரிய கிளப்புகளின் காயங்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள். 25 பேர் கொண்ட அணி ஒரு சீசனில் சுமார் 50 காயங்களை எதிர்பார்க்கலாம் என்பது அவர்கள் கண்டது. ஆளுக்கு இரண்டு. அவற்றில் பாதி ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். எட்டு ஒன்பது காயங்கள் நான்கு வாரத்துக்கு மேல் ஆளைப் படுக்க வைக்கும். பின்தொடைத் தசைக் காயங்கள் 2001-ல் மொத்தத்தில் 12 சதவீதமாக இருந்து இருபது ஆண்டில் 24 சதவீதம் ஆகிவிட்டன. ஆட்டத்தின் வேகம் கூடியிருக்கிறது, ஆட்டங்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. தசை மட்டும் பழைய தசையாகவே இருக்கிறது.

ஆக, 50 காயம் வரும் என்று தெரிந்த வீட்டில் மூன்று சென்டர் பேக்கை மட்டும் வைத்துக்கொண்டு குடித்தனம் செய்ததை துரதிர்ஷ்டம் என்று சொல்வது கொஞ்சம் தாராளமான பேச்சு.

நியாயமாகப் பார்த்தால் பழி முழுவதும் கிளப்பின் மீது மட்டும் அல்ல. கொரோனாவால் முந்தைய சீசன் ஜூலை 26 வரை இழுத்தது. அடுத்தது செப்டம்பர் 12 அன்று தொடங்கிவிட்டது. இடையில் ஏழே வாரம். ஓய்வு, பயிற்சி எல்லாம் அதற்குள். ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம் என்ற தற்காலிக விதியை ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி லீக்குகள் தொடர்ந்தன. இங்கிலாந்து கிளப்புகள் மட்டும் ஓட்டெடுத்துப் பழையபடி மூன்றுக்குத் திரும்பின. ஐந்து என்றால் ஆள்பலம் உள்ள பெரிய கிளப்புகளுக்குத்தான் லாபம் என்று சிறியவை அஞ்சின. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. இது போதாதென்று டி.வி. கம்பெனிகளின் கால அட்டவணை வேறு. நவம்பர் 25, புதன் இரவு அடலான்டாவுடன் ஐரோப்பியப் போட்டி. 28, சனி பகல் பன்னிரண்டரை மணிக்கு பிரைட்டன் ஊரில் லீக் ஆட்டம். அதில் ஜேம்ஸ் மில்னர் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். மேனேஜர் யூர்கன் க்ளோப் ஆட்டம் முடிந்ததும் டி.வி. கேமரா முன்பாகவே அந்த டி.வி.க்காரரோடு வாக்குவாதத்தில் இறங்கினார்.

அவருடைய கோபம் நியாயமானதுதான். ஆனால் அதே க்ளோப் பதினோரு நாள் கழித்து என்ன செய்தார்? டிசம்பர் 9 அன்று மிட்யூலனுடன் மறு ஆட்டம். லிவர்பூல் ஏற்கெனவே பிரிவில் முதலிடம் பெற்றுவிட்டது. வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான். அந்த ஆட்டத்தில், வந்த நாளிலிருந்து கோல்களாகக் குவித்துக்கொண்டிருந்த ஜோட்டாவை இறக்கினார். ஜோட்டாவுக்கு முழங்காலில் அடி. மார்ச் வரை அவர் இல்லை. (இந்த ஜோட்டாதான் 2025 ஜூலை 3 அன்று, 28 வயதில், ஸ்பெயினில் கார் விபத்தில் தம்பியோடு மறைந்தவர்.) அட்டவணையை டி.வி.க்காரர்கள் போடலாம். ஆட்டக்காரர் பட்டியலை எழுதுவது மேனேஜரின் கை.

இதில் வேடிக்கை என்னவென்றால் டிசம்பர் 19 அன்று கிறிஸ்டல் பேலஸை 7-0 என்று நொறுக்கிவிட்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் லிவர்பூல்தான் முதலிடத்தில் இருந்தது. இரண்டு மாதம் ஒட்டுப்போட்டு ஓட்டிவிட்டார்கள். அந்த ஒட்டுப்போட்ட வேலைதான் பிறகு பொத்தலாயிற்று.

எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பட்டியலில் 'சென்டர் பேக் இல்லை' என்று ஒரு வரி. அதை அடைக்க ஃபபின்யோவையும் கேப்டன் ஜோர்டன் ஹென்டர்சனையும் நடுக்களத்திலிருந்து பின்னுக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் அங்கே மோசமாக ஆடவில்லை. ஆனால் நடுக்களத்தில் அவர்கள் செய்துவந்த வேலையைச் செய்ய ஆளில்லை. தாங்கள் பந்தைத் தொலைத்த மறுகணமே பாய்ந்து அதைப் பறிப்பது, திரும்பத் திரும்ப எதிரியின் பாதியிலேயே ஆட்டத்தை நிறுத்திவைப்பது, அதுதான் க்ளோப் அணியின் உயிர். பின்னால் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் இரு ஓரங்களில் உள்ள அலெக்ஸாண்டர்-அர்னால்டும் ராபர்ட்சனும் முன்னேறி ஓடுவார்கள். பின்னால் இருந்தவர் வான் டைக் இல்லை என்றதும் அந்த ஓட்டத்தில் ஒரு தயக்கம். அதன் விளைவு எங்கே தெரிந்தது என்றால், காயமே படாத முன்வரிசையில். சலா, மானே, ஃபிர்மினோ மூவரும் நலமாகத்தான் இருந்தார்கள். ஆனால் நியூகாசில், சவுத்தாம்ப்டன், மான்செஸ்டர் யுனைடெட், பர்ன்லி என்று தொடர்ந்து நான்கு லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. முழங்கால் ஒருவருடையது, கோல் வறட்சி வேறு மூவருடையது. காயப் பட்டியலை எண்ணிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஜனவரி 21 அன்று பர்ன்லி ஒரு பெனால்டியால் வென்றபோது சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்களாகத் தோல்வியே காணாத சாதனை முடிந்தது. அதிலிருந்து மார்ச்சில் ஃபுல்ஹாமிடம் தோற்றது வரை அங்கே வரிசையாக ஆறு தோல்விகள். கிளப்பின் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. எவர்ட்டன் 1999-க்குப் பிறகு முதல் முறையாக ஆன்ஃபீல்டில் வென்றது. அந்த ஆட்டத்தில் ஹென்டர்சனும் இடுப்புக் கவட்டில் காயம்பட்டு அறுவை சிகிச்சைக்குப் போனார். காலி நாற்காலிகளும் ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு நாற்காலிகள் எல்லோருக்கும்தான் காலி.

ஜனவரி முழுவதும் புதிய ஆளை வாங்கலாம் என்று கதவு திறந்திருந்தது. கிளப் கடைசி நாளான பிப்ரவரி 1 வரை காத்திருந்துவிட்டு இரண்டு பேரைப் பிடித்தது. ஜெர்மனியின் ஷால்கேவிலிருந்து இரவலாக வந்த ஓசான் கபாக் சில ஆட்டங்கள் நன்றாகவே ஆடினார். ஏப்ரலில் அவருக்கும் காயம். இன்னொருவர் பிரஸ்டன் கிளப்பின் பென் டேவிஸ். அவர் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை.

கடைசியில் கரையேற்றியவர்கள் யாரும் எதிர்பார்க்காத இருவர். நேட் பிலிப்ஸ் முந்தைய ஆண்டு ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் இரவல் ஆட்டக்காரர். ரிஸ் வில்லியம்ஸ், இருபது வயது, இங்கிலாந்தின் ஆறாம் அடுக்கில் கிடர்மின்ஸ்டர் ஹாரியர்ஸுக்கு ஆடியவர். இவர்களைப் பின்னால் நிறுத்தி ஃபபின்யோவை அவருடைய பழைய இடத்துக்கு அனுப்பினார்கள். கடைசி ஐந்து ஆட்டங்களிலும் வெற்றி. அதில் மே 16 அன்று வெஸ்ட் பிராம் ஊரில் 95-ஆவது நிமிடத்தில் கோல் கீப்பர் அலிஸன் முன்னே ஓடி வந்து தலையால் முட்டிப் போட்ட கோலும் சேர்த்தி. 69 புள்ளிகளோடு மூன்றாம் இடம். முந்தைய ஆண்டைவிட 30 குறைவு. ஃபபின்யோவை நடுக்களத்திலேயே விட்டுவிட்டு இந்த இரண்டு பையன்களை டிசம்பரிலேயே நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆறாம் அடுக்குப் பையனை வைத்துச் சாம்பியன் பட்டத்தைக் காக்கும் துணிச்சல் எந்த மேனேஜருக்கு வரும் என்பது வேறு விஷயம்.

பணக் கணக்குக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. தேசிய அணிக்குப் போன இடத்தில் ஒருவர் அடிபட்டு 28 நாளுக்கு மேல் படுத்தால், உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபா அவருடைய கிளப்புக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,500 யூரோ வரை, அதிகபட்சம் 75 லட்சம் யூரோ ஈடு தரும். அதாவது சம்பளம் கொடுக்கிறவருக்குக் காப்பு. ஆட்டக்காரரின் கணக்கு வேறு. மேலே சொன்ன ஸ்வீடன் ஆய்வுக் குழு ஏ.சி.எல். அறுந்த முதல்நிலை ஆட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. ஏறக்குறைய எல்லோருமே ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். ஆனால் மூன்று ஆண்டு கழித்து அதே உயர் மட்டத்தில் நீடித்தவர்கள் 65 சதவீதம்தான். வான் டைக் அந்த 65-ல் சேர்ந்தார். 2021 ஐரோப்பியக் கோப்பையைத் துறந்து, ஆகஸ்டில் திரும்பி வந்து, பின்னர் கேப்டனாகி 2025-ல் மீண்டும் சாம்பியன் பட்டம் வாங்கினார். மற்ற 35 பேரின் பெயர்களை நாம் அநேகமாக மறந்திருப்போம்.

இந்த ஆய்வுகளில் ஒன்று அதிகம் பேசப்படாதது. தலைமை கோச்சும் மருத்துவக் குழுவும் ஒருவரோடொருவர் ஒழுங்காகப் பேசிக்கொள்ளாத கிளப்புகளில் காயங்களின் சுமை கூடுதலாக இருந்தது என்கிறது அது. மருந்து, மெஷின், மசாஜ் எல்லாம் பணக்கார கிளப்புகளில் ஒன்றுபோல்தான். 'இவர் நாளை வேண்டாம்' என்று டாக்டர் சொல்லும்போது அது யார் காதில் ஏறுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இங்கிலாந்து 2022-ல் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களுக்குச் சம்மதித்தது. அதற்குள் அட்டவணை இன்னும் தடித்துக்கொண்டிருந்தது. 2021-22-ல் லிவர்பூல் மட்டுமே 63 ஆட்டங்கள் ஆடியது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகின் முதல் கட்டம் 2024-ல் ஆறு ஆட்டங்களிலிருந்து எட்டாயிற்று. 2025 கோடையில் அமெரிக்காவில் 32 கிளப்புகளின் உலகக் கோப்பை வந்து சேர்ந்தது. 2024 செப்டம்பர் 17 அன்று மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, இப்படியே போனால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாள் தூரத்தில் இல்லை என்றார். ஐந்தாவது நாள் ஆர்சனலுடன் ஆடும்போது அவருடைய முழங்காலில் ஏ.சி.எல். போயிற்று. வரிசையாக நான்கு ஆண்டு சாம்பியனாக இருந்த சிட்டி அந்த சீசனில் 71 புள்ளிகளோடு மூன்றாவதாக வந்தது. ரோட்ரி 2025 மே மாதம் திரும்பி வந்தார். ஜூனில் அவரை அமெரிக்காவுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே அல் ஹிலால் அணியுடன் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனபோது மறுபடி வலியோடு வெளியே வந்தார்.