வாப்பாட பைக்கை என்ன செய்யப் போறோம்?



ஊரில் எந்த வளவுக்குள் எட்டிப் பார்த்தாலும் கோழிக்கூட்டுப் பக்கம் ஒரு பழைய பைக் சாய்ந்து நிற்கிறது. ஹொண்டா சிடி 125, இல்லாவிட்டால் எம்டி 90, இல்லாவிட்டால் சாலி. வாப்பாவோ மாமாவோ ஓடியது. பிறகு மகன் 'கஸ்டம்' செய்கிறேன் என்று ஹேண்டிலை மாற்றி, மட்கார்டைக் கழற்றி, சீட்டை வெட்டி, காசு முடிந்ததும் அப்படியே விட்டது. இப்போது திருத்துவதா, இரும்புக்காரனுக்குக் கிலோ கணக்கில் போடுவதா என்று வீட்டுக்குள் வாக்குவாதம்.

நாம் சொல்வது இதுதான். செஸியும் புக்கும் சரியாக இருந்தால் வைத்திருங்கள், திருத்துங்கள். ஆனால் வீட்டில் உள்ள எல்லோரும் பயமில்லாமல் ஏறிப் போகிற மாதிரித் திருத்துங்கள். அப்படித் திருத்த மனமில்லாவிட்டால் விற்று விடுங்கள்.

"இந்தக் காலத்திலயும் அந்தப் பழசிலயா போறீங்க?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விதான் பல வீடுகளை லீசிங் கம்பனி வாசலுக்கு அனுப்பியது. வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் தலையாட்டிவிட்டு, திங்கட்கிழமை அதே வட்டியில் கையெழுத்து வைக்கிறோம். வட்டியில்லாத ஏற்பாட்டில் எடுப்பவர்களை இங்கே பேசவில்லை. மற்றவர்கள் தவணை முழுவதையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். லீசிங் முடியும்வரை புக்கில் முழு உரிமையாளர் என்று இருப்பது கம்பனியின் பெயர். இரண்டு மூன்று தவணை பிந்தினால் பைக்கைத் தூக்க ஆள் வரும். அப்போது "என்ன பைக்" என்று கேட்ட மச்சான் பக்கத்தில் நிற்க மாட்டார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பழைய பைக்கின் விலையும் மேலே ஏறியது. 2022 இல் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர்தான் கிடைத்தது. அந்த நாலு லீட்டரில் உம்மாவை ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையைப் பள்ளிக்கும் கொண்டு போனதில் இந்தப் பழைய பைக்குகளுக்கும் பங்குண்டு. 2025 இல் இறக்குமதி திறந்ததும் அது குப்பையாகத் தெரிகிறது என்றால் கோளாறு பைக்கில் இல்லை, நம்முடைய பார்வையில்தான்.

இனி கஸ்டம் தம்பிமாரோடு ஒரு பேச்சு.

சிடி 125 ஐச் செய்த ஜப்பான்காரன் செயினை முழுவதுமாக ஒரு கவருக்குள் மூடி வைத்தான். மழையும் மண்ணும் படாமல் செயின் நீண்ட நாள் உழைக்கும். நம் வீடுகளுக்கு அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பின்னால் இருக்கும் உம்மாவின், தாத்தாவின், மனைவியின் அபாயா செயினுக்குள் போகாது. நீங்கள் முதலில் கழற்றி எறிவது அந்தக் கவரைத்தான்! அடுத்து பின் மட்கார்ட், அடுத்து பின் சில்லுப் பக்கம் துணியைத் தடுக்கும் கார்ட். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிட வரும் தாய்மாரின் அபாயா நுனி திறந்த செயினுக்கு நாலு விரல் தூரத்தில் ஆடுவதைக் காலையில் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறோம். துணி ஒரு முறை சுற்றினால் ஓடுகிறவனுக்கு பிரேக் பிடிக்கக்கூட நேரம் இருக்காது.

சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டுவதும் அப்படித்தான். இஷாவுக்குப் பிறகு தெருவில் தொட்டில் பிள்ளை இருக்கிறது, நோயாளி இருக்கிறார், ஓலெவல் படிக்கும் பிள்ளை இருக்கிறது. அவர்களுடைய தூக்கத்தையும் படிப்பையும் எடுத்துத்தான் அந்த 'சவுண்ட்' வருகிறது. 18 வயதாகாத, லைசன் இல்லாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அதற்கும் முதல் ஒரு கேள்வி இருக்கிறது. அது யாருடைய பைக்?

வாப்பா மவுத்தானால் அவருடைய பைக் மூத்த மகனுடையது அல்ல. கடனும் வஸிய்யத்தும் போக, வீடு வளவு மாதிரி அதுவும் வாரிசுகளுக்கான சொத்து. பிள்ளைகள் இருந்தால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. தங்கச்சிமாருக்கும் பங்கு உண்டு. உயில் எழுதாமல் மவுத்தான முஸ்லிமின் சொத்து மார்க்க முறைப்படி பிரிய வேண்டும் என்று 1931 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. "வாப்பாட ஞாபகம்" என்று சொல்லி ஒருவர் எடுத்து, வெட்டி, பெயின்ட் அடித்து, பிறகு நல்ல விலைக்கு விற்றுக் காசைச் சட்டைப்பைக்குள் போட்டால், அதற்கு ஞாபகம் என்று பெயர் வைக்க முடியாது. வைத்திருக்க ஆசையென்றால் உம்மாவிடமும் சகோதரிமாரிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள். விலை மதித்து அவர்களுடைய பங்கைக் கொடுங்கள். மனப்பூர்வமாக விட்டுத் தந்தால் அல்ஹம்துலில்லாஹ். "நான் கேட்டா இல்லையென்டு சொல்லமாட்டாங்க" என்பது சம்மதம் ஆகாது.

இந்தக் கேள்வி தீர்ந்த பிறகு காசு செலவழிக்க முதல் பார்க்க வேண்டியவை:

முதலாவது, புக். பெயர் யாருடையது? செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பொருந்துகிறதா? கஸ்டம் செய்த பைக்கில் வேறு எஞ்சின் ஏறியிருப்பது சாதாரணம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதியாமல் ஓடினால் பொலிஸிலும் இன்சூரன்ஸிலும் மாட்டுவீர்கள். 'ஓப்பன் பேப்பர்' நம்பி வாங்கியவர்கள் கியூஆர் காலத்தில் பட்ட பாடு மறந்திருக்காது.

இரண்டாவது, செஸி. பெயின்டைப் பார்க்காதீர்கள். ஹேண்டில் கழுத்தடியிலும் சீட்டுக்குக் கீழேயும் வெட்டி ஒட்டிய வெல்டிங் இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, துரு தின்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சில்லுக்கும் நீளமாக ஒரு நூலைப் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். கழுத்தில் வெட்டிய செஸி என்றால் பாசத்தை விட்டுவிடுங்கள். அதை ஓடக்கூடாது, ஓட என்று இன்னொருவருக்கு விற்கவும் கூடாது.

மூன்றாவது, செலவின் ஒழுங்கு. முதலில் பிரேக் சூ, டயர், செயின் செட், வயரிங், லைட். அதற்குப் பிறகு கார்பரேட்டர், பிஸ்டன் ரிங். குரோமும் பெயின்டும் கடைசி. நம்மவர்கள் தலைகீழாகச் செய்து, மினுங்கும் டாங்கியோடு பிரேக் இல்லாமல் றோட்டில் இறங்குகிறார்கள்.

"திருத்தத் தொடங்கினால் கராஜ்காரன் காசு தின்றுவிடுவான்" என்று சிலர் சொல்வார்கள். எல்லையில்லாமல் கொட்டினால் தின்னத்தான் செய்யும், அதுவும் வீண்விரயம்தான். ஆகவே மெக்கானிக்கிடம் வேலையையும் விலையையும் முன்கூட்டியே எழுதி எடுங்கள். அந்தத் தொகை திருத்திய பைக்கின் பெறுமதியைத் தாண்டினால் நிறுத்துங்கள். கையில் உள்ள காசுக்குத் திருத்துங்கள், கடனுக்குத் திருத்தாதீர்கள்.

பிள்ளைகள் கஸ்டம் செய்யட்டும். கைவேலை பழகுவது நல்லது. தன் கையால் பிரேக் சூ மாற்றத் தெரிந்த பிள்ளை ஊருக்குச் சொத்து. ஆனால் செயின் கவர் இருக்கட்டும், இரண்டு பேர் இருக்கிற சீட் இருக்கட்டும், கண்ணாடியும் சிக்னலும் இருக்கட்டும், சைலன்சர் மூடியிருக்கட்டும்.

இந்தக் கிழமை உங்கள் வளவில் நிற்கும் பைக்கின் புக்கை எடுத்து, உம்மாவையும் சகோதரிமாரையும் கூப்பிட்டு வைத்து ஒரு முறை பேசுங்கள். கராஜுக்குப் போவது அதற்குப் பிறகு. கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பெயர் சொல்லி யாரையும் ஏசாமல்.