பூர்வீக வீடும் சகோதரியின் பங்கும்

 

தேங்காய்ப்பட்டணம் தந்த தோப்பில் முஹம்மது மீரானின், 1997இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’ நாவலில், பழம்பெருமை பேசியே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாய் விற்றழிக்கும் ஒருவர் வருகிறார். அவ்வழி செல்லாமல் பூர்வீக வீட்டைப் புதுப்பிக்க முனைவோரைப் பாராட்டுவோம்.

இரு பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில், சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். ஆகவே, செப்பனிடுமுன் விவரமறிந்த கொத்தனாரைக் கேளுங்கள்.

அதற்கும் முன் உங்கள் சகோதரிகளைக் கேளுங்கள். பெற்றோர் விட்டுச் சென்றது குறைவாயினும் பெண்களுக்கும் அதில் பங்குண்டென்று ‘அந்நிஸா’ 7ஆம் வசனம் விதிக்கிறது. வீடுகளை அமைதித் தலங்களாக்கியவன் அல்லாஹ்வே (‘அந்நஹ்ல்’ 80). சகோதரியின் ஹக்கைப் புதைத்து எழுப்பிய சுவருக்குள் அந்த அமைதி எங்ஙனம் குடிபுகும்?

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.